தோல் இல்லாத மேளம்

யந்திரம் வந்து மேளத்தைக் கொன்றுவிட்டது என்று ஒரு புலம்பல் வெகு நாளாக என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. சபா வாசலில் காபி குடிக்கிறவர்கள் புலம்புகிறார்கள். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கிறவர்கள் புலம்புகிறார்கள். மெல்லிசைக் குழுவில் தபலாக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் ரிதம் பேட் என்ற கறுப்புப் பலகை ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்டு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறவர்களும் புலம்புகிறார்கள். எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற வாக்கியம் ஒன்றுதான்: "என்ன இருந்தாலும் தோலில் இருக்கிற உயிர் யந்திரத்தில் வருமா, ஸார்?"

நான் குடியிருப்பது ஆம்பூரில். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றங்கரையில் தோலை நம்பிச் சோறு தின்கிற ஊர்களில் இது ஒன்று. ரெயில் எங்கள் பக்கம் வரும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூக்கைப் பொத்துகிற பிரயாணிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயசு நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. அதே பிரயாணி மார்கழி மாதத்தில் சென்னை சபாவில் உட்கார்ந்து தோலில் உயிர் இருக்கிறது என்று உருகினால், எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. தோலின் உயிர் இவருக்குத் தெரிகிறது. அதை ஊறவைத்து, மயிர் சுரண்டி, இழுத்துக் கட்டுகிறவனுக்கும் ஓர் உயிர் இருக்கிறது என்பது ஏன் தெரியவில்லை?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யந்திரம் மேளக்காரனைக் கொல்லவில்லை. அவனை நாம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வெகு காலம் ஆயிற்று. அவன் இல்லாத இடத்தில் யந்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டிருக்கிற அந்த யந்திரத்தின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். டிரம் மிஷின் என்பது நேற்று முளைத்த காளான் அல்ல. 1931-ல் நியூயார்க்கில் ஹென்றி கோவல் என்ற இசையமைப்பாளருக்கு ஒரு விபரீத ஆசை பிறந்தது. ஒரு தாளத்தின் மேல் மற்றொரு தாளம், அதன் மேல் இன்னொன்று என்று ஒரே சமயத்தில் பின்னிக்கொண்டு ஓடவேண்டும் என்று விரும்பினார். மனிதர் கைக்கு அது எட்டவில்லை. லியோன் தெரமின் என்ற ருஷ்யப் பொறியாளரைப் பிடித்து 'ரிதமிக்கான்' என்ற யந்திரத்தைச் செய்வித்தார். நம் ஊர் மிருதங்க வித்வான் ஒருவரிடம் வந்திருந்தால், திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று பாதிக் கணக்கைக் கையாலேயே தீர்த்துக் கொடுத்திருப்பார் என்று நமக்குத் தோன்றலாம். அது இருக்கட்டும். மேளக்காரனைத் துரத்துவதற்காகப் பிறந்த யந்திரம் அல்ல அது. எந்த மேளக்காரனாலும் முடியாததைச் செய்யப் பிறந்தது.

1959-ல் அமெரிக்காவில் ஆர்கன் வாத்தியம் விற்கிற வூர்லிட்ஸர் கம்பெனி 'ஸைட்மேன்' என்ற பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தது. பெயருக்கு அர்த்தம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவன் என்பது. பெட்டிக்குள்ளே ஒரு தட்டு சுழலும். தட்டில் உலோகத் தொடுமுனைகள். அவை பட்ட இடத்தில் ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் டொம் என்றும் டிக் என்றும் முழங்கும். பன்னிரண்டு வகைத் தாளம் அதில் அடக்கம். வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஆர்கன் வாசிக்கிற மனிதருக்குத் துணையாகத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் கேளிக்கை விடுதிக்காரர் சும்மா இருப்பாரா? சம்பளம் கேட்காத, குடிக்காத, நேரத்துக்கு வருகிற ஒரு தாளக்காரன் கிடைத்துவிட்டான் அல்லவா? அமெரிக்க இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் உடனே ஆட்சேபம் கிளப்பியது.

அந்தச் சங்கத்தாரைக் கண்டு நான் தலை வணங்குகிறேன். அவர்கள் தோலின் உயிரைப் பற்றிக் கவிதை பாடவில்லை. எங்கள் ஆளுடைய கூலி என்ன ஆகும் என்று கேட்டார்கள். யந்திரத்தோடு சண்டை போடுகிற யோக்கியதை அந்தக் கேள்விக்கு உண்டு. நம் புலம்பல்காரர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தாளக்காரருக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொல்லத் தயாராக இருக்கிறார்கள்?

பிறகு கதை ஜப்பானுக்குப் போகிறது. டோக்கியோவில் இரவு விடுதி நடத்திய ட்சுடோமு கட்டோ என்பவரிடம் ஒஸனாய் என்ற அக்கார்டியன்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் ஸைட்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தார்; திருப்தியில்லை. இதைவிட நன்றாக என்னால் செய்யமுடியும் என்றார். கட்டோ பணம் போட்டார். 1963-ல் 'டொன்கா மேடிக்' என்ற யந்திரம் வெளிவந்தது. பின்னால் கோர்க் என்று உலகம் அறிந்த கம்பெனி இப்படித்தான் ஆரம்பமாயிற்று. யந்திரத்தைக் குற்றம் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: அதைச் செய்யத் தூண்டியவர் முதலாளி அல்ல, வாத்தியக்காரர்.

இன்னொருவர் இகுடாரோ ககேஹாஷி. யுத்தம் முடிந்த ஜப்பானில் பிள்ளைப் பருவத்திலேயே கைக்கடிகாரம் ரிப்பேர் செய்ய உட்கார்ந்தவர். கடிகாரத்திலிருந்து ரேடியோவுக்கும், ரேடியோவிலிருந்து வாத்தியத்துக்கும் போனார். 1964-ல் அவருடைய முதல் தாள யந்திரம் அமெரிக்கச் சந்தையைப் பார்த்தது. 1972-ல் ரோலண்ட் கம்பெனியை ஆரம்பித்தார். 1980-ல் வந்ததுதான் டி.ஆர். 808 என்கிற புகழ்பெற்ற பெட்டி. அதே வருஷத்தில் ரோஜர் லின் என்ற அமெரிக்கர், அசல் டிரம் ஒலியையே சில்லில் அடைத்து ஒரு யந்திரத்தை விற்றார். அதன் விலை ஐயாயிரம் டாலருக்கு ஐந்து குறைவு. 808-ன் விலை ஆயிரத்து இருநூறுக்கு ஐந்து குறைவு. அசல் டிரம் மாதிரி அது ஒலிக்கவேயில்லை. பொம்மைச் சத்தம் என்று தள்ளினார்கள். பன்னீராயிரம் பெட்டிக்குமேல் போகாமல் 1983-ல் தயாரிப்பு நின்றுவிட்டது.

நின்றுபோனதற்கு ஒரு காரணம் ரஸமானது. மற்றவர்கள் கழித்துப் போட்ட பழுதான டிரான்ஸிஸ்டர்களில் ஓர் இரைச்சல் உண்டு. ககேஹாஷி அவற்றைத் தேடி வாங்கி அந்த இரைச்சலையே ஒலியாக்கியிருந்தார். டிரான்ஸிஸ்டர் தயாரிப்பு முன்னேறிப் பழுதான சரக்கே கிடைக்காமல் போயிற்று. யந்திரமும் முடிந்தது. கழிவிலிருந்து நாதம் எடுப்பது தோல் கட்டுகிறவனின் வித்தை என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். இறைச்சி போக மிஞ்சியதுதானே தோல்? கைமாறி விலை இறங்கிய அந்தப் பெட்டிகளை நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் கறுப்பு இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அசலைப்போல் ஒலிக்காததுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. உலகத்தின் நாட்டியத் தாளமே அதற்குப் பிறகு மாறிப்போயிற்று.

நம் தேசத்துக்கும் அது வராமலில்லை. 1979-ல் பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர் மின்னணுச் சுருதிப் பெட்டியைச் செய்தார்; அவர் புல்லாங்குழல் வாசிக்கிறவரும்கூட. அவருடைய ராடல் கம்பெனியிலிருந்து பிறகு தாளம் போடுகிற பெட்டிகளும் வந்தன. குருவிடம் பாடம் முடிந்து வீட்டில் தனியே சாதகம் செய்கிற பிள்ளைகளுக்கு அது எத்தனை உபகாரம் என்று பெற்றோர்களைக் கேட்டால் தெரியும். 1982-ல் பம்பாயில் சினிமா வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், அந்த 808-ஐயும் அதன் தம்பிமார்களையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை நாட்டியத் தாளத்தில் போட்டு இசைத்தட்டு வெளியிட்டார். வாங்குவாரில்லை. 2010-ல் அதை மறுபடியும் வெளியிட்டபோது மேல்நாட்டார் மூக்கில் விரலை வைத்தார்கள். தமிழ் சினிமாவில் 1986-ல் 'புன்னகை மன்ன'னிலும் 'விக்ர'மிலும் இளையராஜா கணிப்பொறித் தாளத்தை எடுத்து ஆண்டார். 1992-ல் 'ரோஜா' வந்தபிறகு கேட்கவே வேண்டாம். 1985-ல் ரோலண்ட் கொண்டுவந்த ஆக்டபேட் என்ற தட்டுப்பலகையின் பரம்பரைதான் இன்று எங்கள் ஊர்க் கல்யாண மேடைவரை வந்திருக்கிறது. அதை அடிக்கிறவனும் ஒரு மேளக்காரன்தான் என்பதை நம் புலம்பல்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். கையில் குச்சி இருக்கிறது. நெற்றியில் வியர்வை இருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது சட்டைப்பையில் இருப்பது கொஞ்சம்தான்.

இப்போது தோலுக்கு வருகிறேன்.

தாளப்பெட்டி கடைக்கு வந்தது 1959-ல் என்று சொன்னேனே. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1957-லேயே, அமெரிக்காவில் டிரம்முக்குப் பிளாஸ்டிக் முகம் வந்துவிட்டது. ஈரக்காற்றில் தோல் தளரும், வெயிலில் இறுகும். ராத்திரி மேடையில் சுருதி நிற்காது. ரெமோ பெல்லி போன்றவர்கள் மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தை இழுத்துக் கட்டினார்கள். டிரம்காரர்கள் ஆனந்தமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆக, மேளக்காரனை மேடையிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே தோல்காரனை இறக்கியாகிவிட்டது. அதைச் செய்தது தாள யந்திரம் அல்ல. அன்றைக்கு யாரும் உயிர் போச்சே என்று அழுததாகத் தெரியவில்லை. நம் பக்கத்திலும் பறைக்கும் தாயிராவுக்கும் பிளாஸ்டிக் முகம் வந்திருக்கிறது. மிருதங்கத்துக்கே தோல் இல்லாத முகம் செய்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் நெருப்புக்கு அலையவேண்டாம் என்று வாசிக்கிறவர்கள் சொல்வதை நான் பரிகாசம் செய்யமாட்டேன்.

ஒரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. இத்தனை தோல் புழங்குகிற ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்டு வருகிற தோல் மேளத்துக்கு உதவாது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையிலும் பிற்காலத்தில் குரோமிலும் ஊறி மெத்தென்று ஆன தோல் செருப்புக்கும் பூட்ஸுக்கும் போகும். மேளத்துக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். அதைத் தேர்ந்தெடுத்து, மயிர் நீக்கி, வெயிலில் இழுத்துக் காயவைக்கிற வேலையை எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. ஒரு தனி மனிதன், ஒரு குடும்பம், கையால் செய்கிறது. மிருதங்கத்தின் மூட்டு ஒன்றில் பசுத் தோல் உண்டு, ஆட்டுத் தோல் உண்டு. இழுத்துப் பிடிக்கிற வார் எருமைத் தோல். எந்த வயசு மாட்டின், உடம்பில் எந்தப் பாகத்துத் தோல் எப்படிப் பேசும் என்று தொட்டே சொல்கிற ஞானம் அது. கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து வலந்தலையில் கறுப்புக் கண் வைக்கிறபோது, அந்த மனிதன் காதால்தான் வேலை செய்கிறான். சுருதி அறியாதவன் மூட்டுக் கட்டமுடியாது.

அப்படியென்றால் அவனுக்கும் சங்கீத ஞானம் உண்டு என்று அர்த்தம். இதைச் சொன்னால்தான் வித்வத் சபைக்கு வியர்க்கிறது! பாலக்காடு மணி ஐயரின் கைக்குப் பின்னால் பர்லாந்து என்ற மிருதங்கக் கைவினைஞர் இருந்தார். மணி ஐயர் பெயரைச் சொல்லாத ரஸிகர் உண்டா? பர்லாந்து பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதி, மிருதங்கம் செய்கிற அந்தக் குடும்பங்களை, பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களை, வெளிச்சத்தில் நிறுத்தினார். புத்தக வெளியீட்டுக்கு இடம் கொடுத்திருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. ஆசிய இதழியல் கல்லூரிக்குப் போய் வெளியிட்டார்கள். மாட்டுத் தோல் சபைக்குள் தினமும் பிரவேசிக்கலாம். மாட்டுத் தோலைப் பற்றிய பேச்சு பிரவேசிக்கக் கூடாது. இது என்ன ஐயா நியாயம்?

யந்திரத்தில் உயிர் இல்லை என்கிறவர்கள் அதில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கட்டும். அந்த ஜப்பான் பெட்டியின் நெற்றியில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. முதுகில் வரிசை எண் இருக்கிறது. செய்தவன் யார் என்று நாற்பது வருஷம் கழித்தும் தெரிகிறது. நம் மிருதங்கத்தில் அப்படி ஒரு பெயரை யாராவது பார்த்ததுண்டா?

வேலூரில் மேளம் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் ஒரு சமயம் கேட்டேன்: "மெஷின் வந்து உங்க தொழிலைக் கெடுத்துடுச்சுன்னு சொல்றாங்களே, உங்களுக்கு எப்படி அண்ணே தோணுது?"

அவர் வாரை இழுத்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் இன்னா சார் பண்ணுச்சு? அது பாட்டுக்கு ஓடுது. மேளத்த எடுத்துகினு வர்றவரு வாசல்லயே நின்னு பேசிட்டுப் பூடுவாரு. ஒரு வாய் தண்ணி குடின்னாக்கூட வேணான்னுடுவாரு. மெஷினு அந்த மாதிரி எல்லாம் பண்ணாது சார்."

இதைக் கேட்டதும் மறு பக்கத்திலிருந்து ஒரு கோஷ்டி கை தட்டும். "பார்த்தீர்களா, யந்திரத்துக்கு ஜாதி இல்லை! தோலும் வேண்டாம், தீட்டும் வேண்டாம். இனிமேல் எல்லாம் சுத்தம்" என்று சொல்லும் நவநாகரிகக் கோஷ்டி அது. இவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

நம் ஊர்க் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் முழங்குகிற மின்சார முரசைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, இரண்டு மணி, ஒரு சேகண்டி, கீழே மோட்டார். பொத்தானை அழுத்தினால் கோல் தானே ஏறி இறங்கும். சுழல்கிற தட்டை வைத்துத் தாளம் போட்ட அந்த 1959-ஆம் வருஷத்து ஸைட்மேனுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி முறை. தமிழ்நாட்டின் சொந்த டிரம் மிஷின் என்று இதைத்தான் சொல்லவேண்டும். ஆனால் நியூயார்க் யந்திரத்தைப் போல மனிதனால் முடியாததைச் செய்ய வந்ததா இது? இல்லை. ஒஸனாயைப் போல ஒரு வாத்தியக்காரர் ஆசைப்பட்டுச் செய்ததா? அதுவும் இல்லை. முரசு அடிக்க ஓர் ஆளைக் கூப்பிட வேண்டாம், சம்பளம் போடவேண்டாம், அவன் யார், எந்தத் தெரு, எதுவரைக்கும் உள்ளே வரலாம் என்று யோசிக்கவும் வேண்டாம். அந்தச் சௌகரியத்துக்காக வந்தது. யந்திரத்துக்கு ஜாதி இல்லை, வாஸ்தவம். அதை வாங்கி வைக்கிறவருக்கு இருக்கிறதே!

சுத்தம் என்றார்களே, அதற்கும் எங்கள் பக்கம் பதில் உண்டு. பாலாறு எப்படிக் கெட்டது என்பதை 1996-ல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றமே எழுதியிருக்கிறது. 2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் நிலையத்தின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். பளபளக்கிற பூட்ஸைக் கடையில் பார்க்கிறவனுக்கு இது தெரியாது. கைக்குத் தோல் படாமல் தாளம் கேட்கிறவனுடைய சுத்தமும் இந்த ஜாதிச் சுத்தம்தான். அழுக்கு எங்கேயும் போகவில்லை. அவன் கண்ணுக்கு மறைந்திருக்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் வாதம் அரைகுறையாகிவிடும். சில மேளங்கள் ஓய்ந்ததற்கு நான் அழமாட்டேன். ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து வந்து அடித்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டு, கூலி என்று ஏதோ விட்டெறிந்து அடிக்கவைத்த மேளம் ஓய்ந்தால் நல்லதுதான். இனி அடிக்கமாட்டோம் என்று சொன்னதற்காகவே உதைபட்ட ஜனங்கள் இந்த நாட்டில் உண்டு. அந்த இடத்தில் ஒலிபெருக்கியும் தாளப்பெட்டியும் வந்தால், வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதே பறையைத் தாங்களாக விரும்பி எடுத்து, மேடையில் நிமிர்ந்து நின்று அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புத்தர் கலைக்குழு அடிக்கிறது; திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அடிக்கிறார்கள். 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகவே பத்மஸ்ரீ கொடுத்தார்கள். யந்திரம் எத்தனை வந்தாலும் இவர்களை அது அசைக்கவில்லை. கட்டளைக்கு அடித்த மேளத்தின் இடத்தை யந்திரம் பிடித்துக்கொண்டது. இஷ்டத்துக்கு அடிக்கிற மேளம் அதற்குப் பக்கத்திலேயே கம்பீரமாக முழங்கிக்கொண்டிருக்கிறது. எந்த மேளம் சாகும், எந்த மேளம் பிழைக்கும் என்பது நாம் மேளக்காரனை நடத்துகிற விதத்தில் இருக்கிறது.

ஆகையால், புலம்பல்கார நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கச்சேரி அழைப்பிதழில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று பெயர் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, மூட்டுக் கட்டியவர் இன்னார் என்று ஒரு வரி சேருங்கள். அச்சுக்கூலி அதனால் ஏறிவிடாது. ரிப்பேருக்கு மேளத்தை எடுத்துக்கொண்டு போனால் வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்காருங்கள்; கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள். கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். கல்யாணத்துக்குத் தாளக்காரரைக் கூப்பிட்டால், அவர் தட்டுவது தோலோ பலகையோ, சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கும் ஓர் இலை போடுங்கள். கடைசிப் பந்திக்குத் தள்ளாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, யந்திரத்தில் உயிர் இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் உட்கார்ந்து கேட்கத் தயார். அதுவரைக்கும் அந்தப் பேச்சை எங்கள் ஆம்பூர்ப் பக்கம் கொண்டுவராதீர்கள். தோல் எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.